ஒன்பது மணிக்கு மேல் ஒரு நீலத் தூண்

குடையை விரித்தபடியே இரும்பு ஏணியில் ஏறினேன். விரித்தபடியே அறைக்குள்ளும் போனேன். அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை, வானம்தான் இருந்தது. அதுவும் கரிச்சட்டி மாதிரி.

தாராவியில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் மாடி அது. சம்பந்தியின் தையல் பட்டறை. மெஷின்களின் மேல் தண்ணீர் டங் டங்கென்று விழுந்தது. யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்கள். நாலு பேர் ஒரு தாட்பத்ரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதர் கீஞ்ச், இதர்!" என்று, இந்தப் பக்கம் இழுக்கச் சொல்லிக் கத்தினார்கள். தார்ப்பாயை நாங்கள் இங்கே தாட்பத்ரி என்றுதான் சொல்வோம்.

மூலையில் ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டைகள், கட்டுக் கட்டாக. எல்லாம் வெள்ளை. துருத் தூசி விழக் கூடாதென்று பழைய பெட்ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பெட்ஷீட் நனைந்து கட்டுகளோடு ஒட்டிக்கிடந்தது. அதன் மேல் சம்பந்தி சுடலைமுத்து அண்ணாச்சி குப்புறக் கவிழ்ந்து படுத்திருந்தார். மழையை முதுகில் வாங்கிக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏன் தங்கச்சி இந்த மழையில வந்திய? நனஞ்சிட்டியளே!"

குடைக்குள் நின்றுகொண்டிருந்தவள் நான். அந்த நேரத்தில் மழை பெய்யாது, தைரியமாகக் கூரையைப் பிரியுங்கள் என்று முந்தின நாள் சொன்னவளும் நான்தான். வெட்கத்தில் செத்தேன் என்று நிறையப் பேர் சும்மா சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

மழை அக்கா

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

செம்பூரில் வீடு, ஐரோலியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஒரு மழைக்காலத்தில் மான்கூர்டைத் தாண்டி ரயில் நின்றுவிட்டது. தண்டவாளம் தெரியவில்லை. லேடீஸ் டப்பாவில் ஆளாளுக்குப் புலம்ப, பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் மட்டும் நிம்மதியாகச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். போனைக் காட்டினாள். பச்சையும் மஞ்சளுமாக ஒரு படம் நகர்ந்தது. "ஆண்டி, இது இப்படியே கல்யாண் பக்கம் போயிரும். கொஞ்ச நேரத்துல நின்னுரும் பாருங்க" என்றாள். நின்றது!

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. முதலில் நகரும் வண்ணப் படம், பிறகு சார்ட். சார்ட் என்றதும் பயந்துவிடாதீர்கள். மேலே மேகத்துக்கு மூன்று வரி இருக்கும்: உச்சி மேகம், நடு மேகம், அடி மேகம். மேகம் எவ்வளவு அடர்த்தியோ அந்த வரி அவ்வளவு கறுப்பு. மேகத்துக்குக் கீழே மழை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு நீலத் தூண். தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவு மழை. தூணுக்கு அடியில் மணி எழுதியிருக்கும்: மூன்று, ஆறு, ஒன்பது. அவ்வளவுதான் விஷயம். இதைப் பார்க்கத் தெரியாமலா ஊரே குடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது என்று எனக்கு அப்போது ஒரு இளக்காரம்.

பேர் வாங்கிக் கொடுத்தது மாட்டுங்காவில் நடந்த ஒரு ரிசப்ஷன். என் ஒன்றுவிட்ட தம்பி மகனுக்கு. ஹாலுக்கு வெளியே திறந்த வெளியில் சாட் கவுண்டர், தோசைக் கல் எல்லாம் போட்டிருந்தார்கள். நான் போனைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் உள்ள கொண்டு போங்க, வரப்போகுது" என்றேன். தம்பி முறைத்தான். பிறகு வேண்டா வெறுப்பாக உள்ளே மாற்றினான். கடைசித் தோசைக் கல் உள்ளே போகவும் கொட்டவும் சரியாக இருந்தது. மேடையில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதோடு நான் "மழை அக்கா" ஆகிவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் குட் மார்னிங் படத்துக்கு முன்னால் எனக்குத்தான் கேள்வி வரும். அக்கா, மிளகாய் காயப்போடட்டா? அக்கா, பிள்ளைக்கு ரெயின்கோட் வேணுமா? காட்கோபரிலிருந்து ஒருத்தி பெண் பார்க்க வருகிற நாளைக்கூட என்னைக் கேட்டுத்தான் வைத்தாள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கேலி செய்வார். "வானிலை மந்திரி எந்திரிச்சாச்சா? சட்டை துவைக்க உத்தரவு உண்டா?"

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆபீசில் இத்தனை வருடமாக "டேலி ஆச்சா மேடம்?" என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது வானத்தைப் பற்றியே கேட்கிறார்கள். விடுவேனா?

கூரை என்பது

நானும் தாராவியில் பிறந்தவள்தான். இங்கே மே மாதம் பிறந்தால் ஊரே கூரை மேல் இருக்கும். ஓட்டை விழுந்த தகரத்தை, பத்ராவை, மாற்றுவார்கள். தாட்பத்ரியைக் கட்டி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே பழைய டயரும் செங்கலும் வைப்பார்கள். எங்கள் அப்பா மே மாதச் சம்பளத்தில் முதல் செலவாக இதைத்தான் செய்வார். எங்களுக்குப் புதுச் செருப்பு அதற்கு அப்புறம்தான். அம்மா கீழே நின்று, "இன்னும் தள்ளிக் கட்டுங்க, அடுப்பு மேல ஒழுகுது" என்று கத்துவாள்.

கல்யாணமாகிச் செம்பூர் ஃபிளாட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கூரை மறந்துபோனது. அங்கே என் தலைக்கு மேல் இருந்தது மூன்றாம் மாடிக் குஜராத்திக் குடும்பத்தின் தரை. மழை என்றால் ஜன்னலைச் சாத்து, பஜ்ஜி போடு. அவ்வளவுதான்.

அந்த வருடம் தை மாதம்தான் என் மகள் அனிதாவைத் தாராவியிலேயே கட்டிக்கொடுத்தோம். தங்கமான பையன், உழைக்கிற குடும்பம். ஆனால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "செம்பூர் ஃபிளாட்டுல வளந்த புள்ள, தாராவியில எத்தன நாளைக்கு இருக்கும்?" இதை என் காதுபடவே சொன்னார்கள். அவளும் பாவம், புகுந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் மாமியாரைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தாள். தண்ணீர் வரும் நேரம்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. போனில் பேசும்போது குரல் ஒடுங்கியிருக்கும். அந்த வீட்டில் என் பிள்ளைக்கு ஒரு மதிப்பு வர வேண்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

அனிதா கேட்ட கேள்வி

ஜூன் பிறந்து முதல் மழையும் பெய்துவிட்டது. அண்ணாச்சியின் பட்டறையில் மட்டும் கூரை மாற்றவில்லை. வழக்கமாக மாற்றிக்கொடுக்கும் ஆள் மே மாதம் ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். அவனுக்கு எங்கு பார்த்தாலும் வேலை. ஒரே ஒரு நாள் காலை மட்டும் தருவதாகச் சொல்லியிருந்தான். ஸ்கூல் திறக்கும் முன் சட்டைகள் கடைக்குப் போயாக வேண்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்திருக்கவும் முடியாது.

சாயங்காலம் அனிதா போன் பண்ணினாள்.

"மம்மி, மாமா உன்கிட்ட கேக்கச் சொல்றாரு. நாளைக்குக் காலைல பத்ரா மாத்தணும். மூணு மணி நேரம் மழை இல்லாம வேணும். எப்ப கிடைக்கும்?"

அந்த வீட்டில் என்னைக் கேட்கிறார்கள்! அதுவும் என் மகள் மூலமாக! காப்பியை வைத்துவிட்டுச் சார்ட்டைத் திறந்தேன். மூன்றில் தூண் இல்லை. ஆறில் இல்லை. ஒன்பதில் இருந்தது, நல்ல உயரமாக. அடி மேக வரி விடியும் முன்பிருந்தே கறுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தேன். ஜூன் மாதத்துப் பம்பாயில் மேகம் இல்லாமல் என்றைக்கு இருந்தது என்று தள்ளிவிட்டேன்.

"ஒம்போது மணிக்குத்தான் மழை. ஆறுக்கு ஆரம்பிக்கச் சொல்லு. ஒம்போதுக்குள்ள முடிச்சிரலாம்."

"பக்காவா மம்மி? தச்ச சட்டை மால் எல்லாம் மேலதான் கிடக்கு. கீழ இறக்கிரலாமான்னு அத்தை கேக்காங்க."

"எதுக்கு? இறக்கி ஏத்தவே பாதி நேரம் போயிரும். ஒம்போது வரைக்கும் ஒரு சொட்டு விழாது. அம்மா சொல்றேம்லா, பக்கா."

பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "தங்கச்சியே சொல்லிட்டாவ, பெறவு என்ன? நம்ம வீட்டுக்குள்ளயே வானிலைக்காரவ இருக்கும்போது நமக்கு என்ன கவலை?" யாரோ சிரித்தார்கள். அனிதாவும் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டில் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

சார்ட் பொய் சொல்லவில்லை

காலையில் வீட்டுக்காரருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி இருக்கும். பால்கனித் தகரத்தில் ஒரு சத்தம். காக்கா என்று நினைத்தேன். இன்னொரு சத்தம். பிறகு மொத்தமாக இறங்கியது.

தோசை கருகியது. கையைத் துடைக்காமலே போனை எடுத்தேன். அனிதா எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். "அத்தை, பூரா பிரிச்சாச்சு" என்றார், அவ்வளவுதான். போனில் மழைச் சத்தமும் ஆட்கள் கத்தும் சத்தமும் கேட்டன.

ஆட்டோவில் போகும்போதுதான் சார்ட்டை மறுபடி திறந்தேன். அதன் அடியில் சின்ன எழுத்தில் விளக்கம் ஒன்று இருந்தது. எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன், ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. தூண் நிற்கிற மணியில் மழை தொடங்குவதில்லை. அதற்கு முந்தின மூன்று மணி நேரத்தில் பெய்கிற மொத்தத்தையும் சேர்த்துக் கடைசியில் நிறுத்துகிறார்கள். ஒன்பதில் நின்ற தூண் என்றால் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பெய்யும் மழை. நான் எந்த மூன்று மணி நேரத்தைப் பொறுக்கிக் கொடுத்தேனோ, சரியாக அதே மூன்று மணி நேரம்.

சார்ட் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அடி மேகமும் தன் பங்குக்குக் கறுத்துக் காட்டியிருந்தது. அந்த மேகம்தானே நம்மை நனைக்கிற மேகம்? உச்சியில் போவது எங்கேயோ போகும். நான் யாரைத் திட்டுவது?

இதில் இன்னொரு கேவலம் இருக்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். மார்ச் கடைசியில் போடுகிற மொத்தத் தொகை, அந்த ஒரு நாளில் நடந்த வியாபாரம் இல்லை என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் பாடம் எடுப்பவள். கடைசியில் நிற்கிற தொகை முழுக் காலத்துக்கும் உரியது என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். அதே நான் அந்தத் தூணைப் பார்த்து ஒன்பது மணி என்றேன். முட்டாளே, முட்டாளே என்று ஆட்டோவுக்குள் என்னை நானே சத்தமாகத் திட்டிக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். சயான் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை.

பிறகுதான் அந்த ஏணி, அந்தக் குடை, சட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடந்த அண்ணாச்சி. குடையை மடக்கிவிட்டு நானும் கட்டுகளைத் தூக்கினேன். நனைந்த துணி பிணம் மாதிரி கனத்தது.

எலுமிச்சம்பழமும் உப்பும்

தண்ணீரில் நனைந்தது மட்டும் என்றால் காயவைத்துக் கொடுத்திருக்கலாம். பழைய தகரங்களைக் கழற்றும்போது பெட்ஷீட்டில் விழுந்த துரு மழையில் கரைந்து சட்டைகளில் இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையில் தவிட்டு நிறத்தில் திட்டுத் திட்டாக. வெயிலும் இல்லை. கீழ் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஃபேனை வைத்து உலர்த்தினோம். கறைகளில் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து அலசினோம். ஈரம் போக இஸ்திரி போட்டோம். அறை முழுக்க எலுமிச்சை வாசனையும் வெந்த துணியின் ஆவியுமாக மூச்சு முட்டியது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் தினமும் காலையில் போய்விடுவேன்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. சம்பந்தியம்மா, என் மைனி, வாயாடி இல்லை என்றாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். அவர்கூட, "காப்பி குடிக்கியளா மைனி?" என்றுதான் கேட்டார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் அழுதுவிட்டாவது வந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "செம்பூர்க்காரி சொன்னாளாம்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அனிதா காதிலும் விழுந்தது.

அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

"அனிதா, அம்மா மேல கோபமா?"

"சட்டைய உதறிப் போடு மம்மி. சுருக்கம் விழுது."

இப்படி இருக்கும்போதுதான் கடைக்காரர் வந்தார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் யூனிஃபார்ம் கடை வைத்திருப்பவர். வருடா வருடம் அண்ணாச்சிக்குத் தைக்கக் கொடுப்பவர். அவர் கையை விட்டுவிட்டால் பட்டறைக்குப் பாதி வருடம் வேலை இல்லை. அவரைப் பற்றி இங்கே எழுதலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க தங்கச்சி. அவரு மாட்டுங்காவுல பொறந்தவரு, தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. பேரை மட்டும் போட்டுராதிய" என்றார். போடவில்லை.

அறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு துணித் திரை. இந்தப் பக்கம் நான், அனிதா, மைனி. அந்தப் பக்கம் அண்ணாச்சியும் தையல்காரர்களும் நின்றார்கள். கடைக்காரரின் குரல் வந்த வேகத்திலேயே ஏறியது.

"என்ன முத்து, இப்படிப் பண்ணிட்டேளே? ஸ்கூல்காரா என்னைப் பிடுங்கி எடுக்கறா. ஜூன் மாசத்துல யாராவது கூரையைப் பிரிப்பாளா?"

"தப்புதான் சார்."

"கீழ சாயாக் கடையில சொல்றா, உங்க சம்பந்தியம்மா மழை வராதுன்னு சொன்னாளாமே? அவா பேச்சைக் கேட்டுத்தான் பிரிச்சேளாமே?"

இஸ்திரிப் பெட்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அனிதா எட்டி அதை வாங்கி நிமிர்த்தி வைத்தாள். இல்லாவிட்டால் அந்தச் சட்டையும் போயிருக்கும்.

"யாரு சொன்னது?" அண்ணாச்சி குரலை உயர்த்தினார். "சேச்சே! அவுக பிரிக்காதியன்னுதான் சொன்னாவ. காலையில மழை இருக்கு, வேண்டாம் அண்ணாச்சின்னு போன்ல அவ்வளவு சொன்னாவ. நான்தான் கேக்கல. ஆளு வந்துட்டானேன்னு அவசரப்பட்டுட்டேன். என்னையச் செருப்பால அடிக்கணும்."

அண்ணாச்சி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வந்த துணி கால் மீட்டர் கூடுதலாக இருந்தால்கூட போன் பண்ணிச் சொல்லிவிடுகிற மனிதர். அங்கே நின்ற தையல்காரர்கள் அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்தேன். என்னால் உட்கார முடியவில்லை. அனிதா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"எங்க போற?"

"சொல்லிட்டு வந்துர்றேன். விடு. என்னால முடியல அனிதா."

"உக்காரு மம்மி." அவள் குரல் தணிந்திருந்தது, ஆனால் பிடி தளரவில்லை. "நீ போய்ச் சொன்னா மாமா பொய் சொன்னவரு ஆயிருவாரு. அத்தனை பேரு முன்னால."

மைனி தலையைத் தூக்கவில்லை. எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டே, "இருங்க மைனி" என்றார்.

அதற்குள் திரை விலகியது. கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது. "மீதிச் சட்டையை ஸ்கூல் திறந்தப்புறம் குடுங்கோ, நான் பேசிக்கறேன்" என்று அண்ணாச்சியிடம் சொன்னவர், என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்கதானா அந்த மழை சொல்றவா? இவ்வளவு கரெக்டா சொல்லியிருக்கேள், இந்த மனுஷன் கேக்கலையே மாமி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரின் தோளுக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றார். ஈரத்தில் நின்று நின்று சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார்.

"நான் சொல்லத்தான் செஞ்சேன்," என்றேன். "அண்ணாச்சிதான் கேக்கல."

அப்போதுதான் அண்ணாச்சியின் முகம் தெளிந்தது. தையல்காரர்களைப் பார்த்துத் திரும்பி, அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்தியளா? எங்க மருமவளப் பெத்தவுக! அவுக சொன்னா தப்புமா?"